பெயிண்ட் வாளியில் வேர்விடும் குச்சிகள்: மதுரை வெயிலில் ஏரோபோனிக் குளோனர்

குளோனர் வாளியில் வேர்விட வைத்த குச்சி அழுகிப்போனால் எல்லோரும் முதலில் ஹார்மோன் பவுடரைத்தான் திட்டுவார்கள். அதற்கு முன்னால் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பவுடர் மேல் குற்றமே இல்லை. மதுரை மாதிரி ஊரில் ஏரோபோனிக் குளோனர் வைத்திருப்பது என்றால், பாதி வேலை தண்ணீரைச் சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான். வாளி, பைப், பம்ப் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

இதைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக: மூடிய ஒரு வாளி, மூடியில் ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குச்சி. குச்சியின் அடிப்பகுதி வாளிக்குள் காற்றில் தொங்கும். கீழே கிடக்கும் பம்ப் தண்ணீரைப் பீய்ச்சி அதை நனைத்துக்கொண்டே இருக்கும். வேர் உருவாக ஈரமும் வேண்டும், ஆக்ஸிஜனும் வேண்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குச்சியைப் போட்டால் ஈரம் கிடைக்கும், ஆக்ஸிஜன் குறைந்துவிடும். மண்ணில் ஊன்றினால், நாம் ஊற்றுகிற தண்ணீரைப் பொறுத்து ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் சகதி. வாளிக்குள் தொங்கும் குச்சிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. உண்மையான ஏரோபோனிக்ஸில் தண்ணீர் உயர் அழுத்தத்தில் பனிப்படலமாக வரும். நம் வாளியில் நடப்பது சாதாரணத் தூறல்தான். வேர் பிடிக்க வைப்பதற்கு அந்தத் தூறலே போதும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1920களில் ஓட்ஸ் நாற்றுகளை வைத்து ஆராய்ந்து, ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருளைப் பிரித்துக் காட்டினார். இன்று நாம் வாங்கும் வேர் ஊக்கிப் பவுடர் அந்த வகையைச் சேர்ந்தது. வேரைக் காற்றில் தொங்கவிட்டுச் செடி வளர்க்கும் முறைக்கு 1957இல் ஏரோபோனிக்ஸ் என்று பெயர் வைத்ததும் அதே மனிதர்தான். நம் நாட்டில் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த முறையிலும் நோயில்லாத விதைக்கிழங்குகளை உற்பத்தி செய்கிறது. சிம்லாவின் குளிர் நமக்கு இல்லை என்பதுதான் நம் பிரச்சினை.

சரி, வாளிக்கு வருவோம். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கிடைக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் மூடியின் அடியில் அடித்து, விளிம்பு வழியாகக் கசிந்து தரையை நனைப்பதுதான் இந்த அமைப்பில் அடிக்கடி வரும் தொல்லை. வெள்ளை வாளிக்குள் வெளிச்சம் புகும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். அதனால் வெளிப்பக்கம் முதலில் கறுப்பு பெயிண்ட், அதன் மேல் வெள்ளை பெயிண்ட். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்போடு நிறுத்திவிட்டால் பாசி வராது, ஆனால் தண்ணீர் கொதிக்கும்.

பம்ப்புக்கு ஏர் கூலரில் போடுகிற 18 வாட்ஸ் பம்ப் போதும். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தண்ணீரைப் பிரித்தடிக்க என்ன மாட்டுவது என்பதில்தான் பலர் பணத்தை வீணடிக்கிறார்கள். நானும் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் போய், தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் கேட்டேன்.

“எந்த மோட்டார்ல மாட்டப் போறீங்க தம்பி?” என்றார் கடைக்காரர்.

“கூலர் பம்ப்லதான்ணே.”

“அப்ப ஃபாகர் வேணாம், ஸ்பிரிங்க்ளரும் வேணாம். பைப்புல ஓட்டையப் போட்டுக்கங்க.”

விற்க வேண்டிய மனிதரே வேண்டாம் என்று சொன்னது எவ்வளவு சரி என்று அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. ஃபாகர் ஒழுங்காக வேலை செய்ய 3, 4 பார் அழுத்தம் வேண்டும். கூலர் பம்ப் தண்ணீரை 1.85 மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கும். அது 0.2 பார்கூட இல்லை. அந்த அழுத்தத்தில் ஃபாகரிலிருந்து தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான்.

எனவே அரை இஞ்ச் பிவிசி பைப்பில் T வடிவ இணைப்பான ஒரு ‘டீ’ மாட்டி, இரண்டு பக்கமும் கை நீட்டி, முனைகளை எண்ட் கேப்பால் அடைத்துவிடுங்கள். மேல்நோக்கி 1.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் போடுங்கள். பைப் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தண்ணீர் நேராக எழும்பி மூடியின் அடியில் மோதிச் சிதறி, மழையாகக் கீழே விழும். ஒவ்வொரு குச்சிக்கும் நேராக ஓட்டை இருக்க வேண்டும் என்ற கவலையே இல்லை. 1 மில்லிமீட்டர் ஓட்டையில் தூறல் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் எங்கள் போர் தண்ணீரின் உப்பில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பம்ப்பின் வாயில் பழைய நைலான் சாக்ஸைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் உதிர்ந்த இலைத் துணுக்குகள் உள்ளே போகாது.

மூடியில் ஆறு அல்லது எட்டு ஓட்டை போதும். ஆசைப்பட்டு இன்னும் போட்டால் மேலே இலைகள் ஒன்றோடொன்று உரசி, காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சை வரும். குச்சியைப் பிடித்து நிறுத்த வெளிநாட்டில் நியோபிரீன் வளையம் விற்கிறார்கள். இங்கே பிள்ளைகள் விளையாட விரிக்கும் ஏபிசிடி ஃபோம் மேட் அதே வேலையைச் செய்கிறது. ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கீறல் போட்டால் வளையம் தயார். பழைய ஹவாய் செருப்பையும் சிலர் வெட்டுகிறார்கள். அது கெட்டி, இளந்தண்டை நசுக்கிவிடும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் கிடக்கும் மலிவு பம்ப் இது. ஒயரில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ஆபத்து. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில் மட்டும் மாட்டுங்கள். பிளக் வாளியைவிட உயரத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு தொய்வு விடுங்கள், வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், பிளக் வரை போகாது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் வேரழுகலைக் கொண்டுவரும் பித்தியம் போன்ற கிருமிகள் மளமளவென்று பெருகும். குச்சிக்கு ஆகாதது எல்லாம் ஒரே சமயத்தில் கூடிவிடுகிறது. 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் உத்தமம். 28 வரை சமாளிக்கலாம். அதற்கு மேலே போனால் தண்டின் அடி பழுப்பாகி, தொட்டால் வழுக்கும், ஒரு நாற்றம் வரும்.

வெயிலை விடுங்கள், பம்ப்பே தண்ணீரைச் சூடாக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பம்ப் எடுத்துக்கொள்ளும் 18 வாட்ஸும் கடைசியில் வெப்பமாக அந்தத் தண்ணீரிலேயேதான் சேரும். வாளியில் 8 லிட்டர் இருந்து, சூடு வெளியே போக வழியில்லாவிட்டால், மணிக்கு கிட்டத்தட்ட 2 டிகிரி ஏறும். வாளியின் சுவர் வழியாகவும் ஆவியாகியும் கொஞ்சம் வெளியேறுவதால் அப்படியே ஏறிக்கொண்டே போகாது. ஆனாலும் இரவு பகலாக ஓடும் பம்ப் உள்ள வாளித் தண்ணீர் எப்போதும் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தச் சில டிகிரியே குச்சியைக் கொன்றுவிடும்.

ஆகவே டைமர். ஒரு நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும் சைக்ளிக் டைமர் வாங்கினால் பம்ப்பின் சூடு ஆறில் ஒரு பங்காகிவிடும். மூடிய வாளிக்குள் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் எதுவும் காயாது. பின் குத்தும் சாதாரண 24 மணி நேர டைமரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. பரவாயில்லை, பகலில் பதினைந்து நிமிடம் ஓட்டம், பதினைந்து நிமிடம் ஓய்வு, இரவில் ஓய்வை இன்னும் கூட்டலாம். இந்த அமைப்பில் நான் செலவழித்த பணத்தில் மிக உபயோகமானது எது என்று கேட்டால் டைமர் என்றுதான் சொல்வேன். ஹார்மோனுக்கு இரண்டாவது இடம்.

அதுவும் போதாத நாட்களில் மண்தொட்டி. அடியில் ஓட்டை இல்லாத, வாளி உள்ளே இறங்குகிற அளவு பெரிய மண்தொட்டியில் தண்ணீர் ஊற்றி, வாளியை அதற்குள் வைத்துவிடுவேன். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். தொட்டியின் சுவர் வியர்க்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் குளிரும், அது வாளியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். மதுரையின் வறண்ட காற்றுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு பலன் எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஃப்ரீசரில் உறைய வைத்த அரை லிட்டர் பாட்டிலை மதியம் வாளிக்குள் போடலாம். 8 லிட்டர் தண்ணீர் ஐந்தாறு டிகிரி இறங்கும். ஒரு லிட்டர் பாட்டில் வேண்டாம், சூடு ஒரேயடியாக இறங்கிவிடும். மொட்டை மாடி டேங்கில் கொதித்த தண்ணீரை மதியத்தில் பிடித்து ஊற்றுவது, இவ்வளவு பாடுபட்டதையும் கெடுக்கும் வேலை. காலையில் பிடியுங்கள். வாளி இருக்க வேண்டியது வடக்குப் பக்க வராந்தா, மாடிப்படிக்குக் கீழே மாதிரி வெளிச்சமான நிழலில்.

தண்ணீரின் தரம் அடுத்தது. மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, ஆனால் வடியும் குழாயின் வழவழப்பும் சேர்ந்து வரும், வடிகட்டி உடனே பயன்படுத்த வேண்டும். மாநகராட்சிக் குடிநீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து குளோரின் போன பிறகு ஊற்றச் சொல்வார்கள். தொட்டிச் செடிக்கு அப்படிச் செய்யுங்கள். குளோனருக்கு அந்தக் கொஞ்சூண்டு குளோரின் நல்லதே, கிருமியை அடக்கி வைக்கும். போர் தண்ணீர்தான் வழி என்றால் சிட்ரிக் ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஹெச் அளவை 6 பக்கம் கொண்டுவாருங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். உரம் எதுவும் வேண்டாம். வேரே இல்லாத குச்சிக்கு உரம் போட்டால் அதைச் சாப்பிடுவது பாசிதான்.

குச்சி வெட்டுவது காலையில், வெயில் ஏறும் முன். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பூவோ மொட்டோ இல்லாத தண்டு. கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு. கீழ் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு மேலே இரண்டு மூன்று இலை, அவை பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரித்து விடவும். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வாளியில் எல்லாக் குச்சிக்கும் ஒரே தண்ணீர்தான் போய் வருகிறது. ஒன்றுக்கு நோய் இருந்தால் எட்டுக்கும் வரும்.

ஹார்மோன் பவுடரைத் தொட்டு வைத்தால் முதல் தூறலிலேயே கழுவிப் போய்விடும். குளோனருக்கு ஜெல் அல்லது ஐபிஏ (IBA என்ற வேர் ஊக்கி ஹார்மோன்) கரைசல் பொருத்தம். ஐபிஏ தூய தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரைத்துத்தான் விற்கிறார்கள். அதில் ஐந்து நொடி முக்கி, ஆல்கஹால் உலரும்வரை கையில் வைத்திருந்து, பிறகு சொருகுங்கள். செம்பருத்தி, ரோஜா மாதிரி கட்டைத் தண்டில் அடியில் இரண்டு சென்டிமீட்டருக்குப் பட்டையை லேசாகச் சுரண்டிவிட்டு முக்கினால் இன்னும் நல்லது. கற்பூரவள்ளி, துளசி, தக்காளிக்கு ஹார்மோனே தேவையில்லை.

எது எப்போது வேர் விடும்? கற்பூரவள்ளி ஒரு வாரம்கூட எடுக்காது. முதன்முதலில் வாளி செய்பவர்கள் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவே வேர் விடவில்லை என்றால் கோளாறு அமைப்பில்தான். துளசியும் தக்காளியின் பக்கக் கிளையும் ஒரு வாரம், பத்து நாள். ஹைபிரிட் தக்காளி விதை விற்கும் விலையில், கிள்ளி எறிகிற பக்கக் கிளையெல்லாம் செடியாவது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் தாய்ச்செடியில் இலைச்சுருட்டு வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும். ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தி இரண்டு மூன்று வாரம். ஹைபிரிட் செம்பருத்தி பொறுமையைச் சோதிக்கும். பன்னீர் ரோஜா ஒரு மாதம் வரை இழுக்கும், அடி கறுத்தால் கறுத்ததை வெட்டிவிட்டு மறுபடி வைக்கலாம்.

காகிதப்பூ தனி ரகம். முதலில் இலை எல்லாம் கொட்டிவிடும். பிறகு கணுவில் துளிர் வரும். பார்க்கிறவர்கள் பிடித்துவிட்டது என்று குதிப்பார்கள். அந்தத் துளிர் தண்டில் சேமித்த சாப்பாட்டில் வருவது, அடியில் வேர் ஒன்றும் இருக்காது. மண்ணில் வைத்தவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். குளோனரில் குச்சியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். “தினமும் புடுங்கிப் பாத்தா எங்கடா வேர் புடிக்கும்?” என்று அம்மா கேட்பார்கள். இதில் பிடிக்கும் என்பதுதான் இந்த வாளியின் பெரிய வசதி. நாலைந்து நாளில் தண்டில் வெள்ளைப் புள்ளிகள் கிளம்பும். அது பூஞ்சை இல்லை. தண்டின் மூச்சுத் துளைகள் ஈரத்தில் உப்புவதால் வருவது, நல்ல அடையாளம்தான். புள்ளி கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள், கொழகொழவென்று இருந்தால் அந்தக் குச்சியை எடுத்து எறியுங்கள்.

எல்லாவற்றையும் இதில் போட வேண்டும் என்று இல்லை. முருங்கைப் போத்தின் தலையில் சாணி உருண்டை வைத்து நேராக மண்ணில் ஊன்றுங்கள், வாளியில் அது அழுகத்தான் செய்யும். மா, எலுமிச்சைக்கு ஒட்டும் பதியனும் இருக்கின்றன. மல்லிகைக்கும் நான் மெனக்கெடுவதில்லை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மதுரை மல்லிக்கே நாற்று ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. அங்கே மணற்பாங்கான பாத்தியில் குச்சியை ஊன்றி வேர் பிடிக்க வைக்கிறார்கள். அந்த மணலும் காற்றையும் ஈரத்தையும் சேர்த்தே கொடுக்கிறது, கரண்ட் செலவு இல்லாமல்.

கரண்ட் என்றதும் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்கு நாள் முழுக்க நிறுத்தும்போது, முன்கூட்டியே வாளியில் தண்ணீர் ஊற்றி, குச்சிகளின் அடி மூழ்கும் அளவுக்கு மட்டத்தை உயர்த்திவிடுவேன். ஒரு பகல் தண்ணீரில் நின்றால் குச்சிக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் வந்ததும் மறுபடி இறைத்துவிட வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடைக்கு இது எதுவும் வேண்டாம், மூடியைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். தாடி மாதிரி வளர்ந்து தொங்குவதைப் போட்டோ எடுக்கக் காத்திருப்பவர்கள், மாற்றும்போது பாதியை ஒடித்துவிடுவார்கள். ஈரக்காற்றில் வளர்ந்த வேர் மொறுமொறுவென்று ஒடியும். நனைத்துப் பிழிந்த கோகோபீட்டில் கொஞ்சம் மண்புழு உரம் கலந்து, குச்சியை நடுவில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் தூவுங்கள், விரலால் அழுத்த வேண்டாம். மேலே பாலித்தீன் கவர் கவிழ்த்து ஒரு வாரம் முழு நிழல். பிறகு தினமும் கொஞ்ச நேரம் கவரை எடுத்து, காலை வெயிலுக்குப் பழக்குங்கள். வாளியில் செத்த குச்சிகளைவிட, வேரோடு வந்து இந்த ஒரு வாரத்தில் செத்த குச்சிகள்தான் எனக்குத் தெரிந்த பலரிடமும் அதிகம்.

அடுத்த சுற்றுக்கு முன் வாளி, பைப், பம்ப், ஃபோம் வளையம் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் பம்ப்பை ஓட்டி, பின்பு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவேன். உப்புப் படிந்த ஓட்டைகளுக்கு வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட் போடுவது வேறொரு நாளில். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய மாடிப்படி அறையில் அது உயிருக்கே ஆபத்து. வளையங்கள் மட்டும் நாலைந்து சுற்றில் வழுவழுப்பாகிவிடும். ஒரு ஃபோம் மேட்டில் நிறைய வளையம் வெட்டலாம், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.